மண்டி அம்மாவின் டிரைவர் ரூம்: ராத்திரிக்கு 200 ரூபாய்

பலகையில் பெயர் இல்லை. தகரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து ‘டிரைவர் ரூம், வெந்நீர் உண்டு’ என்று மட்டும் எழுதியிருக்கும். குன்னூரிலிருந்து ஊட்டி போகிற வழியில் எல்லநள்ளியில் மெயின் ரோட்டை விட்டுக் கேத்தி பக்கம் இறங்க வேண்டும். கேரட் கழுவும் மெஷின் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் வண்டியை ஸ்லோ பண்ணுங்கள். இடது கைப் பக்கம் பழைய உருளைக்கிழங்கு மண்டி ஒன்று நிற்கும். அதுதான்.

நான் பவானிக்காரன். 22 வருஷமாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன்; இப்போது கையில் இருப்பது 17 சீட் டிராவலர். இந்த மண்டியில் இதுவரை பதினோரு ராத்திரியும் இரண்டு பகலும் தூங்கியிருக்கிறேன். மலைக்கு வந்து தங்குகிறவர்கள் ரிசார்ட்டைப் பற்றி, பால்கனியில் தெரியும் மேகத்தைப் பற்றி, காலை டிபனில் இருந்த பதினெட்டு வகையைப் பற்றி எழுதிக் குவிக்கிறார்கள். அவர்களைக் கொண்டு வந்து இறக்கியவன் அன்றைக்கு எங்கே படுத்தான் என்று ஒருவரும் எழுதுவதில்லை. சரி, நானே எழுதிவிடுகிறேன்.

இங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்று முதலில் சொல்ல வேண்டும். அது இல்லாமல் கட்டில் நல்லது, கம்பளி நல்லது என்று எழுதினால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

2024 பொங்கல் லீவு. சென்னை பார்ட்டி, பதினான்கு பேர். பவானியில் காலை ஐந்தரைக்கு எழுந்து, வண்டியைக் கழுவி, பதினொன்றுக்குக் கிளம்பி, பொழுது சாயச் சென்னை போய்ச் சேர்ந்தேன். எட்டு மணிக்கு ஆட்களை ஏற்றியாயிற்று. ராத்திரி முழுக்க ஓட்டம். விக்கிரவாண்டியில் ஒரு டீ, சேலம் தாண்டி ஒரு டீ, அவிநாசியில் ஒரு டீ. மலை அடிவாரக் கல்லாறு வரும்போது இன்னும் விடியவில்லை. பர்லியாரில் ஆறு மணிக்கு நாலாவது டீ. அந்தக் கிளாஸின் ஓரம் சில்லு போயிருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு அப்புறம் ஞாபகம் இருப்பது காட்டேரி பூங்கா.

நடுவில் மரப்பாலம் வந்திருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் வந்திருக்க வேண்டும். எதிரே பஸ் வந்திருக்கும், நான் ஒதுங்கி வழி விட்டிருப்பேன். எதுவுமே மண்டையில் இல்லை. கை ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறது, கால் கிளட்சை மிதித்திருக்கிறது, ஆள் மட்டும் உள்ளே இல்லை. இதை இன்றைக்கு எழுதும்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

முன் சீட்டில் உட்கார்ந்து வந்த அம்மா ஒரு டாக்டர். குன்னூரில் டிபனுக்கு நிறுத்தியபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“டிரைவர் சார், வர்ற வழியில உங்க தலை ரெண்டு தடவை கீழ இறங்குச்சு. நான் செருமினேன், நிமிர்ந்துட்டீங்க. கடைசியா எப்ப தூங்கினீங்க?”

“அதெல்லாம் பழக்கம்தாங்க மேடம்.”

“பழக்கமான்னு கேக்கல. எப்பன்னு கேட்டேன்.”

கணக்குப் போட்டுப் பார்த்தால் 25 மணி நேரம் ஆகியிருந்தது. அவர் உள்ளே போய் மற்றவர்களிடம் என்ன பேசினாரோ தெரியாது, பதினான்கு பேரும் சிம்ஸ் பார்க் பார்க்கப் போகிறோம் என்று ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டார்கள். என்னைக் கடைசி சீட்டில் படுக்கச் சொன்னார்கள். ஓனருக்கும் அந்த அம்மாவே போன் போட்டுப் பேசினார். அது எனக்குப் பிடிக்கவில்லை, அதன் பலன் அந்த மாசம் பேட்டாவில் (தினப்படியில்) தெரிந்தது. ஆனாலும் இரண்டரை மணி நேரம் செத்த பிணம் மாதிரி தூங்கினேன்.

அப்புறம் மூன்று நாளும் அவர் முன் சீட்டைவிட்டு நகரவில்லை. பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். அதில் பாதியை மறந்துவிட்டேன், மறக்காதவை சில. தலை தொங்குவதற்கு முன்னாலேயே மூளை ஒன்றிரண்டு நொடி, சில சமயம் நாலைந்து நொடி அணைந்து எரியுமாம். கண் திறந்தே இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிற வண்டி மூன்று நொடியில் 25 மீட்டர் போய்விடும். மலை ரோட்டில் அதற்குள் ஒரு வளைவு வந்து முடிந்துவிடும். பதினேழு மணி நேரம் தூங்காமல் இருப்பவனின் கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவன் மாதிரி வேலை செய்யும், ஒரு முழு நாள் முழித்தவனுக்கு அது 0.10 மாதிரி ஆகிவிடும் என்றார். நம் சட்டத்தில் 0.03 தாண்டினாலே கேஸ். நான் வாழ்நாளில் பீர் கூடத் தொட்டதில்லை. கல்லாறு செக்போஸ்ட்டில் என்னை ஊதச் சொல்லியிருந்தால் மெஷினில் பூஜ்யம்தான் காட்டியிருக்கும், போகச் சொல்லியிருப்பார்கள்.

டீயைப் பற்றிக் கேட்டேன். முழித்திருக்க முழித்திருக்க மூளையில் அடினோசின் என்று ஒன்று சேர்ந்துகொண்டே வருமாம், அதுதான் தூக்கத்தைத் தள்ளுவது. டீயிலும் காப்பியிலும் இருக்கிற கஃபீன் அது உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். சேர்ந்தது குறையாது. என் பாஷையில் சொன்னால், டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும்போது அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. ஆயில் குறைந்தது குறைந்ததுதான். குடித்த கஃபீனில் பாதி கழிய ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதால், படுக்க இடம் கிடைக்கிற நேரத்தில் பார்த்தால் தூக்கம் வராது.

அன்று ராத்திரி பார்ட்டி இறங்கிய இடத்தின் பெயர் வேண்டாம். ஒரு ரூம் வாடகை என் பத்து நாள் சம்பளம். எனக்குக் காட்டிய இடம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், சிமென்ட் தரையில் ஒரு பாய். 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் லாட்ஜ்களும் டிரைவர்களுக்குப் படுக்கைக் கூடமும் கழிவறையும் உள்ளேயே, இல்லாவிட்டால் 250 மீட்டருக்குள் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அப்போது நடப்பில் இருந்த 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி ஓய்வு என்றும் இருந்தது. இரண்டையும் அந்த வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், ஏனென்றால் அவரே நாற்காலியில் தூங்குகிறவர். ஆனால் நல்ல மனுஷர். “வண்டிக்குள்ள படுக்காதீங்க, விடியக்காலம் கண்ணாடியில ஐஸ் புடிக்கும். கேத்தி பக்கம் மண்டி அம்மா ரூம் இருக்கு, போங்க” என்று வழி சொன்னார்.

இனி ரூம்.

மண்டி அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும், படுகர் வீட்டு அம்மா. வீட்டுக்காரர் இருந்தபோது கிழங்கு மண்டியாக நடந்தது, அவர் போனபிறகு கட்டில் போட்டிருக்கிறார்கள். கிழங்கு வெளிச்சம் பட்டுப் பச்சை ஆகாமல் இருக்க இருட்டு வேண்டும் என்பதால் கட்டடத்துக்கு ஜன்னல் கிடையாது. சுவர் ஒன்றரை அடிக் கல். மேலே ஓட்டுக்கு அடியில் காற்றுப் போக வரிசையாக ஓட்டை. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினால் பகல் பன்னிரண்டு மணியும் ராத்திரி பன்னிரண்டு மணியும் ஒன்று. கிழங்குக்குக் கட்டினது டிரைவருக்கு இவ்வளவு பொருந்தும் என்று யார் கண்டது.

இருட்டின் அருமை பகலில் தூங்கியவனுக்குத்தான் தெரியும். இங்கே பாதிக் கூட்டம் கேரட் லாரிக்காரர்கள். ராத்திரி லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு, காலை ஒன்பது பத்துக்குத் திரும்பி வந்து படுப்பார்கள். வெளியே வெயில் ஏறும், உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் எழுந்திரு எழுந்திரு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ணில் வெளிச்சம் பட்டால் அதற்கு இன்னும் தைரியம் வந்துவிடும். அதனால் இருட்டில்கூடப் பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தில் பாதிதான் என்பது என் அனுபவம். அந்த இரண்டு பகலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. மதியம் மலை ரயில் ஊதும்போது எழுந்துவிட்டேன்.

உள்ளே பதினான்கு கட்டில். பத்து பெரிய கூடத்தில், நாலு பின்பக்கச் சின்ன ரூமில். மரக் கட்டில், தேங்காய் நார் மெத்தை. இரண்டு கம்பளி, ஒரு துவைத்த பெட்ஷீட். கம்பளியில் நீலகிரித் தைல வாசம் லேசாக இருக்கும், பூச்சி வராமல் இருக்கத் தெளிப்பார்களாம். தரையில் விரித்திருப்பது எங்கள் ஊர் ஜமக்காளம். அது அசல் கைத்தறி இல்லை, பவர்லூம் சரக்கு, ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். அம்மாவிடம் சொன்னேன். “மிதிக்கறதுக்கு இது போதும் தம்பி” என்றார். சரிதான்.

போனதும் ஒரு வாளி வெந்நீர் கொடுத்துக் காலை முக்கி உட்காரச் சொல்வார்கள். விறகு பாய்லர். முதல் தடவை இது என்னடா சம்பிரதாயம் என்று நினைத்தேன். டாக்டர் அம்மாவிடம் அடுத்த நாள் சொன்னபோது, தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும், கை கால் விறைத்திருந்தால் உள்ளே இருக்கிற சூடு வெளியே போக வழியில்லை, பாதம் சூடானால் அங்கே ரத்தம் ஓடி உள்சூடு இறங்கும் என்று விளக்கினார். ஜனவரியில் ஊட்டிக் குளிரில் வண்டிக்குள் ஷூவோடு சுருண்டு படுத்து மூன்று மணி வரை கண் மூடாமல் கிடந்த ராத்திரிகள் எத்தனையோ உண்டு. ஒரு வாளி தண்ணீர்க் கணக்கு எனக்கு 44 வயசில் தெரிந்தது.

கரி அடுப்பு உள்ளே கூடாது. கெஞ்சினாலும் கிடையாது. கதவைச் சாத்திக் கரித் தணலோடு படுத்தவன் எழுந்திருக்காமலே போய்விடுவான், அந்தப் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டு வண்டிக்குள் தூங்குகிற தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

வாசலில் ஒரு ஸ்லேட். உங்கள் கட்டில் நம்பருக்கு நேரே எழுந்திருக்க வேண்டிய நேரத்தை எழுதிவிட்டுப் போனை வெளியே அலமாரியில் வைத்துவிட வேண்டும். நேரமானதும் வேலைக்கார அண்ணன் வந்து கட்டில் காலைக் கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். லைட் போடமாட்டார், பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். பக்கத்துக் கட்டில்காரன் புரண்டுகூடப் படுப்பதில்லை. வண்டிச் சாவியும் அம்மாவிடம்தான் இருக்கும். முகம் கழுவி, சுக்குக் காப்பி குடித்து முடித்தபிறகுதான் கைக்கு வரும். அவசரம் என்று ஒரு நாள் சத்தம் போட்டேன்.

“ஏன் தம்பி கத்தறீங்க? பாதித் தூக்கத்துல எந்திரிச்சுப் போய் ஒருத்தன் எங்க வீட்டு முன்னாடியே லாரிய ஓடையில விட்டான். குடிச்சிட்டுப் போங்க.”

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பினால் கால் மணி, அரை மணிக்குப் புத்தி தெளியாது என்பது டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிற விஷயம். மண்டி அம்மா அதை ஓடையைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் அந்த நாலு கட்டில் சின்ன ரூம். அதன் கதவில் ‘குறட்டை’ என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா கேட்கிற முதல் கேள்வியே “தம்பி, குறட்டை உண்டா?” என்பதுதான். நான் இல்லை என்றேன். யார்தான் உண்டு என்று சொல்வார்கள்?

ராத்திரி ஒரு மணிக்குக் கட்டில் கால் தட்டப்பட்டது. அம்மாவே நின்றுகொண்டிருந்தார். “எந்திரிச்சு அந்த ரூமுக்குப் போங்க தம்பி. லாரிக்காரங்க ரெண்டு பேரும் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க.” கம்பளியைச் சுருட்டிக்கொண்டு போனேன். அவமானமாக இருந்தது. காலையில் சுக்குக் காப்பி கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னார்:

“உங்களுது சும்மா குறட்டை இல்ல. சத்தம் நின்னு போகுது. நான் மனசுல எண்ணுவேன், பதினஞ்சு வரைக்கும் மூச்சு வரல. அப்புறம் முட்டிக்கிட்டு வருது. ஆஸ்பத்திரியில காட்டுங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உடனே போய்க் காட்டினேனா என்றால் இல்லை. ஏழு மாசம் ஆயிற்று. அதற்குள் ஒரு நாள் நடந்ததை எழுதுகிறேன், எனக்குப் பெருமையான விஷயம் இல்லை. ஒரு சின்னப் பையன், ஆறு வயசிருக்கும், தொட்டபெட்டா போகும்போது “அங்கிள், எப்ப வரும்?” என்று நாலைந்து தடவை கேட்டான். நான் வண்டியை ஓரம் கட்டி, திரும்பி, அவனைப் பார்த்துக் கத்தினேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று இங்கே போட முடியாது. அவன் அப்பாவுக்கும் எனக்கும் கைகலப்பு ஆகாததுதான் மிச்சம். வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். சோறு சூடாக இல்லை என்று ஒரு சண்டை, டிவி சத்தம் என்று ஒரு சண்டை. தூக்கம் கெட்டவனுக்குக் கோபத்தையும் பயத்தையும் கிளப்புகிற மூளைப் பகுதி தாறுமாறாகத் துள்ளும், அதை அடக்குகிற முன்பக்க மூளை அசந்து கிடக்கும் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிரேக் பிடிக்காத வண்டியில் ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொண்ட மாதிரி.

பசியும் அப்படியே. ராத்திரி இரண்டு மணிக்கு நாலு பரோட்டா, மேலே ஆம்லெட். உண்மையிலேயே பசிக்கும். தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும், சர்க்கரையைச் செல்லுக்குள் தள்ளுகிற இன்சுலின் பேச்சு எடுபடாமல் போகும். நாலு மணி நேரத் தூக்கத்தை ஆறு ராத்திரி தொடர்ந்தால் நல்ல இளவட்டங்களுக்கே சர்க்கரைக் கணக்கு கெடுவதை 1999-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை எல்லையில் நின்றதும் பேண்ட் சைஸ் 40 ஆனதும் பரோட்டாக் கடைக்காரன் குற்றம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் தலை, மார்பு, கால் எல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 27 தடவை மூச்சு நிற்கிறது அல்லது பாதியாகிறது, ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையாமல். தொண்டைச் சதை சரிந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. மூளை பயந்து ஒவ்வொரு தடவையும் என்னை அரைகுறையாக எழுப்பி மூச்சு விட வைக்கிறது, எனக்குத் தெரியாமலே. ஏழு மணி நேரம் படுத்திருந்தாலும் நான் தூங்கவே இல்லை என்று அர்த்தம். அப்படியென்றால் அந்தக் காட்டேரி வளைவுக் கணக்கில் 25 மணி நேரம் என்பதும் பொய். அதற்கு முந்தின ராத்திரிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கே தெரியாமல் எப்படி இவ்வளவு நாள் ஓட்டினேன் என்று கேட்டேன். டாக்டர் ஒரு பரிசோதனையைச் சொன்னார்: இரண்டு வாரம் ராத்திரிக்கு ஆறு மணி நேரம் மட்டும் தூங்க விட்டவர்களின் கவனம், ஒன்றிரண்டு ராத்திரி தூங்கவே தூங்காதவர்கள் அளவுக்கு விழுந்துவிட்டது, ஆனால் கேட்டால் லேசான அசதிதான் என்றார்கள். நானும் 22 வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது மூக்கில் மாட்டிக் காற்று ஊதும் மெஷின் வைத்திருக்கிறேன், சிபேப் என்பார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் ஆயிற்று, நகை வைத்து வாங்கினது. முதல் வாரம் பிடுங்கி எறிந்தேன். மூன்றாவது வாரம் வீட்டில் சொன்னாள், “இப்பல்லாம் கதவு சாத்துற சத்தம் கம்மியா இருக்கு.”

மண்டி ரூமுக்கு மெஷினோடு போன முதல் நாள் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டிக்கொண்டு படுத்ததும் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார் என்று வேலைக்கார அண்ணன் காலையில் சொன்னார். எண்ணியிருப்பார் போலிருக்கிறது. என் பெயர் இப்போது குறட்டை ரூம் லிஸ்டில் இல்லை.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது விளம்பரம் ஆகிவிடும். நிறையவே இருக்கின்றன.

இடம் ஊட்டியிலிருந்து தள்ளி இருக்கிறது. பார்ட்டியை ஓட்டலில் விட்டுவிட்டு ராத்திரி இருட்டில் இங்கே வந்து, காலையில் மறுபடி ஏற வேண்டும். டீசல் கணக்கு ஓனரிடம் தனியாகச் சண்டை போட்டு வாங்க வேண்டியதுதான். வண்டி நிறுத்துகிற இடம் சரிவு. ஆறு வண்டிக்கு மேல் நிற்காது, சக்கரத்துக்குக் கல் வைக்காமல் இறங்காதீர்கள். பஸ் எல்லாம் உள்ளே வராது. பதினான்கு பேருக்கு இரண்டே கழிவறை, காலை ஐந்தரைக்கு வரிசை. கேரட் மெஷின் ராத்திரி இரண்டு மூன்று மணிக்குக்கூட ஓடும். கல்சுவர் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது, ஆனால் வாசல் பக்கத்து இரண்டு கட்டிலுக்குக் கேட்கும். பெண் டிரைவர்களுக்கு இடமே இல்லை. கேட்டதற்கு, வந்தால் என் வீட்டில் படுக்க வைக்கிறேன் என்கிறார் அம்மா. நல்ல மனசுதான், ஏற்பாடு என்று சொல்ல முடியாது. போன் டவர் சரியாகக் கிடைக்காததால் ஜிபே வேலை செய்யாது, சில்லறையாகக் காசு கொண்டு போங்கள்.

சாப்பாடு 70 ரூபாய். சாதம், பீன்ஸ் பொரியல், மிளகு ரசம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கிடையாது. ரசம் நன்றாக இருக்கும், பொரியலில் உப்பு எப்போதும் கம்மி.

ரேட்: ராத்திரி 200, பகல் 150, குளிக்க வெந்நீர் ஒரு வாளி 30. கால் முக்குகிற வாளிக்குக் காசு இல்லை. ஏப்ரல், மே சீசனில் முன்கூட்டியே சொல்லிவைக்காமல் போனால் கட்டில் கிடைக்காது. இ-பாஸ் (மலைக்கு வர ஆன்லைனில் வாங்கும் அனுமதி) வந்தபிறகு 2025 சீசனில் ஊட்டிக்கு வருகிற வண்டிக்குக் கணக்கு வைத்தார்கள், சாதாரண நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. அத்தனை வண்டிக்கும் தலைக்கு ஒரு டிரைவர் இருக்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவிடம் இருப்பது பதினான்கு கட்டில்.

ஓனர்களில் யாராவது இதைப் படித்தால்: சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ராத்திரி டிரிப் போட்டு, விடியக்காலம் நாலுக்கும் ஆறுக்கும் நடுவே மலை ஏற வைக்காதீர்கள். உடம்புக் கடிகாரம் அடிமட்டத்தில் கிடக்கிற நேரம் அது. போட்டே ஆக வேண்டும் என்றால் மேட்டுப்பாளையத்தில் ஆக்டிங் டிரைவர் (மாற்று டிரைவர்) ஏற்றுங்கள். அதுவும் முடியாதென்றால் மேட்டுப்பாளையத்தில் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, குடித்த கையோடு இருபது நிமிஷம் தூங்க விடுங்கள். காப்பி தலைக்கு ஏறவும் எழுந்திருக்கவும் சரியாக இருக்கும். ராத்திரித் தூக்கத்துக்கு அது ஈடாகாது, குன்னூர் வரை தாங்கும்.

என்னைப் போல மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். பிளக் பாயின்ட் சுவர் ஓரக் கட்டில்களுக்குத்தான் உண்டு. மூன்றாம் நம்பர் பாயின்ட் லூஸ். போன தடவை நடுராத்திரியில் காற்று நின்று மூச்சு முட்டி எழுந்தேன். அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், எலக்ட்ரீஷியன் இன்னும் வரவில்லை. நாலாம் நம்பர் கேளுங்கள்.